துண்டுக்கு அடியில்

சளி என்றுதான் முனிரத்தினம் முதலில் சொன்னார்.
"ரெண்டு நாளா இலை துன்ல மேடம்,
மூக்கு ஒழுவுது, அவ்ளோதான்."
லத்தேரி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
வேலிக்காத்தான் நிழலில்
பதினோரு வெள்ளாடுகள்
தலை தொங்க நின்றன,
வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவை போல.

பீளை காய்ந்து இமைகள் ஒட்டியிருந்தன.
கீழுதட்டைப் புரட்டினால்
ஈறு முழுக்கத் தவிடு தூவியது மாதிரி.
அந்த வாடைக்குப் பரீட்சையில்
இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
காய்ச்சல் நூற்றாறு.

விடியலில் செத்த குட்டியைக்
கிழித்துப் பார்த்தேன்.
பெருங்குடலின் உட்சுவரில் வரிவரியாய்ச் சிவப்பு,
வரிக்குதிரை ஒன்று உள்ளே படுத்தெழுந்தது போல.

ஆட்டுக்கொல்லி.

சத்தமாகச் சொல்லவில்லை.
ராணிப்பேட்டையிலிருந்து தாள் வரும்வரை
அதன் பெயர் சந்தேகம்.

பஞ்சுக்குச்சிகளும் ரத்தமும்
ஐஸில் புதைந்து பஸ் ஏறின.
நான் கிழமைகளில் பின்னோக்கி நடந்தேன்.
சனி, முதல் மூக்கொழுகல்.
வெள்ளி ஒன்றுமில்லை. வியாழன், புதன், செவ்வாய் ஒன்றுமில்லை.
திங்கள்
கே.வி.குப்பம் சந்தையில் ஒரு செவலைப் பெட்டை,
காதில் மஞ்சள் வில்லை.
"அதான் மேடம் மொத செத்துது."

தரகர் பியாரேஜான்
துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்.
"மூஞ்சி ஞாபகமில்ல, விரலு ஞாபகம் கீது.
பொம்பள கை. மோதிர விரல்ல பாதி இல்ல.
ஆறாயிரம் பெறும். ரெண்டுன்னு அழுத்தினேன்.
ஒத்த வார்த்த பேசாம ஒத்துக்கினா.
அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அரை விரலை
ஒடுகத்தூர் வரை விசாரித்துப் போனேன்.
வெல்ல ஆலையில் கரும்போடு விரலையும் கொடுத்தவளா,
மேலரசம்பட்டு தேசம்மாள்
என்றார் டீக்கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே.

ஏழு முளைக்குச்சி. ஏழு கயிறு.
ஆடு எதுவும் இல்லை.
அவள் மறுக்கவில்லை.
"ஆறு செத்துச்சி. மிச்சம் ஒண்ணு.
செத்தா எவன் வாங்குவான்?
கறிக்குத்தான் போவும்னு நெனச்சேன்,
இன்னொருத்தன் பட்டிக்குப் போவும்னு நெனைக்கல."

உள்ளே போய்
ரேஷன் கார்டு வைத்த பிஸ்கட் டின்னிலிருந்து
ஓர் அட்டை எடுத்து வந்தாள்.
"ஊசி போட்டுத்தானே இருந்துச்சி?"

செவலையின் வில்லை எண்.
மே பதினாறு.
கீழே சாய்ந்த கையெழுத்து, என்னுடையது.

கத்திரி வெயில். மூன்றாவது ஊர்.
பெட்டியில் ஐஸ் தண்ணீராகி
குப்பிகள் மிதந்துகொண்டிருந்தன.
கரைத்த மருந்துக்கு இரண்டு மணி நேரம் ஆயுள்.
ஐந்தாகியிருந்தது.
ஈரத் துண்டைச் சுற்றி ஸ்கூட்டர் சீட்டில் வைத்தேன்.
காலையிலிருந்து ஆட்டைப் பிடித்துக்கொண்டு
நாற்பது பேர் நின்றார்கள்,
கூலியை விட்டுவிட்டு.
திரும்பிப் போங்கள் என்று சொல்ல
வாய் வரவில்லை.
தோலைத் தூக்கினேன், குத்தினேன், அட்டையில் குறித்தேன்.
எல்லா அசைவும் சரி.
உள்ளே போனது வெந்நீர்.

போன் அடித்தது. ராணிப்பேட்டை.
சந்தேகத்துக்கு இப்போது பெயர் வந்துவிட்டது.

படிவத்தில் 'நோய் வந்த வழி' என்றொரு கட்டம்,
தீப்பெட்டி அளவு.
சந்தை என்று எழுதினால் நிறைந்துவிடும்.
எழுதினேன்.
பிறகு ஓரத்து வெள்ளையில், பொடி எழுத்தில்,
மே பதினாறு, பிற்பகல் மூன்று மணி, ஐஸ் இல்லை.

தேசம்மாள் அட்டையைத் திருப்பிக் கேட்டாள்.
உங்களுக்கு எப்படி வந்தது என்றேன்.
ஆனி மாதம் ஒரு செம்மறி மந்தை
ரெண்டு ராத்திரி கொல்லையில் கிடை போட்டதாம்.
ஆள் பெயர் தெரியாது.
எந்தப் பக்கம் போனான்?

கையை நீட்டினாள் மலையை நோக்கி.
நான்கு விரல்கள் ஒரு கணவாயைக் காட்டின,
பாதி விரல்
சற்றே விலகி
வேறெங்கோ.